ஐந்தாம் பருவத்தில் ஜெபம்

(தருமபுரியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் கொடுத்த பொருள் இது: வேலையும் கவலையும் ஒருசேர நெருக்கும் காலத்தில் கிறிஸ்தவர் ஒருவர் விசுவாசத்தில் நிலைத்து நிற்பது எப்படி? வேத சாஸ்திரக் கல்லூரிகளில் இதற்குத் தடித்த புத்தகங்கள் உண்டு. தருமபுரியில் பேசுவதற்கு அவற்றைவிடப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. அது பட்டுப்புழு வளர்க்கும் வீடு.

பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 25 நாள் ஆகும். இடையில் நான்கு முறை தோலுரிக்கும். ஆக மொத்தம் ஐந்து பருவம். முதல் மூன்று பருவத்தில் அது தின்னும் இலை கொஞ்சந்தான். மொத்தத் தீனியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கடைசி ஏழெட்டு நாளில், ஐந்தாம் பருவத்தில், தின்று தீர்த்துவிடும். அந்த வாரம் அந்த வீட்டின் முகமே மாறிவிடும். வெயில் ஏறுமுன் மல்பெரிக் கிளை வெட்டிக் கட்டாகக் கட்டித் தூக்கி வர வேண்டும். படுக்கையில் சேரும் கழிவை அள்ள வேண்டும். புழு வளர்க்கும் மனைக்குள் சூடு ஏறினால் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். இரவு கடைசி இலையைப் போட்டுவிட்டு உடம்பைச் சாய்த்தால், இருட்டில் புழு தின்னும் சரசரப்பு காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் பழுத்த புழுவைப் பொறுக்கி, அது கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விட வேண்டும். கூடு முற்றியதும் பிரித்தெடுத்து, தருமபுரி அரசுப் பட்டுக்கூடு ஏல அங்காடிக்குக் கொண்டுபோய், அன்றைய ஏலம் எங்கே நிற்கிறதோ அந்த விலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கூட்டுறவுச் சங்கத் தவணையும் அந்த ஒரு நாள் விலையில்தான் இருக்கின்றன.

இனி, அந்த வீடு ஒரு கிறிஸ்தவ வீடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் பருவத்தின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கோயில் மணி அடிக்கிறது. மனைக்குள் புழு பசித்துக் கிடக்கிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் ஞாயிறு ஓய்வுச் சட்டம் பிறப்பித்தபோதே இது எழுந்தது. நகரத்தில் நீதிமன்றமும் பட்டறையும் அன்றைக்கு மூடியிருக்க வேண்டும் என்றது சட்டம். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் ஏற்ற நாள் தவறிவிட்டால் திரும்பி வராது என்பது அது சொன்ன காரணம். ஞாயிறு ஓய்வைப் பற்றிய முதல் அரச ஆணையே விவசாயியின் ஐந்தாம் பருவத்தைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த பல பிரசங்கிமார்கள் அந்த அளவுக்குப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு. எவ்வளவு வேலை இருந்தாலும் கர்த்தருக்கு நேரம் ஒதுக்கு என்பது ஒன்று. ஆர்வம் இருந்தால் நேரம் தானாக வரும் என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் பாரத்தை ஏற்கெனவே முதுகு வளைந்து நிற்பவர் தலையிலேயே ஏற்றுகின்றன. திருச்சபையின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நெருக்கடிக் காலத்தில் மனிதரைத் தாங்கியவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் அவர் எடுத்த முயற்சிகள் அல்ல. அதற்கு முன்பே பழகிவைத்த சிறு ஒழுங்குகளும், அவரோடு சேர்ந்து அந்த ஒழுங்கைக் காத்த மனிதர்களும்தான். இந்த உரை சொல்ல வருவது அதையே.

மார்ட்டின் லூத்தரைப் பற்றித் தமிழ்ப் பிரசங்கங்களில் அடிக்கடி ஒரு கதை வரும். வேலை அதிகமான நாட்களில் அவர் மூன்று மணி நேரம் ஜெபிப்பாராம். கதைக்கு வேர் உண்டு. 1530-இல் கோபுர்க் கோட்டையில் லூத்தருடன் இருந்த வைட் டீட்ரிக் என்ற உதவியாளர், அவர் நாளில் மூன்று மணி நேரம் ஜெபத்தில் செலவிடுகிறார் என்று எழுதினார். ஆனால் அது அவுக்ஸ்பூர்க் நகரில் மாநாடு நடக்க, அங்கே போக முடியாமல் லூத்தர் கோட்டைக்குள் அடைந்து கிடந்த காலம். சாதாரண உழைப்பாளிக்கு அவர் சொன்ன யோசனை வேறு. விட்டன்பர்க் நகரில் அவருக்கு முடிதிருத்திய பீட்டர் பெஸ்கென்டார்ஃப் என்பவர், ஜெபிப்பது எப்படி என்று கேட்டார். கடைக்காரர், குடும்பஸ்தர், நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். அவருக்காக லூத்தர் 1535-இல் ஒரு சிறு நூலே எழுதினார். விடிந்ததும் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும் என்பது அதன் முதல் பாடம். இதை முடித்துவிட்டு அப்புறம் ஜெபிக்கலாம் என்று மனம் தள்ளிப்போட்டால் நம்பாதே என்பது அடுத்தது. பிறகு கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை வரி வரியாக எடுத்து மனதில் ஓட்டும் வழியைக் காட்டினார். எல்லாம் மனப்பாடமாக இருக்கும் விஷயம். புத்தகம் திறக்க வேண்டியதில்லை. ஜெபம் நீண்டு அலுப்புத் தட்டவும் அவர் விரும்பவில்லை. சவரக் கத்தி பிடித்தவன் பேச்சில் மூழ்கிப் பராக்குப் பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ என்ன ஆகும் என்று பீட்டரின் தொழிலையே எடுத்துக்காட்டி, கவனத்தைப் பற்றிப் பேசினார்.

அந்த முடிதிருத்துபவரின் கதை இத்தோடு முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. அதே 1535-இல், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, வீட்டு விருந்தில் போர்வீரனான மருமகன் தன் உடம்பில் ஆயுதம் ஏறாது என்று பெருமையடித்தான். பீட்டர் கத்தியால் குத்தினார், மருமகன் இறந்துபோனான். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் உயிர் தப்பிய பீட்டர், சொத்தை இழந்து நாடு கடத்தப்பட்டார். நல்ல ஜெப முறை கையில் இருந்தால் வாழ்க்கை சறுக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. லூத்தர் அந்த நூலைத் திரும்பப் பெறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேளை குறித்து ஜெபிப்பது லூத்தர் கண்டுபிடித்ததல்ல. பாபிலோனில் ராஜாங்க வேலையில் இருந்த தானியேல் தினம் மூன்று வேளை முழங்காலிட்டார் என்கிறது வேதம். புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டி எழுந்த ‘திதகே’ என்ற சிறு நூல், கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடித்துச் சொல்லப்படும் மூவேளை ஜெபம் இந்த மரபில் வந்ததுதான். நண்பகல் மணிக்கு ஒரு போர்ப் பின்னணியும் உண்டு: 1456-இல் ஆட்டோமன் படை பெல்கிரேடை நோக்கி வந்தபோது, நடுப்பகலில் மணி அடித்து மக்கள் ஜெபிக்க வேண்டும் என்று திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து ஆணையிட்டார்.

பி.பள்ளிப்பட்டி, கோவிலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரி போன்ற கத்தோலிக்க ஊர்களின் பெரியவர்களுக்கு மணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கடிகாரம் இல்லாத காலத்தில் காட்டு வேலைக்காரருக்கு நேரம் சொன்னதே அதுதான். மணி கேட்டால் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று நிமிடம். இதன் வலு அதன் சிறுமையில் இருக்கிறது. மனம் எங்கோ அலைந்தாலும் வாய் சொல்லும். வாய் தடுமாறினால் பக்கத்துக் காட்டில் நிற்பவர் சொல்வது காதில் விழும். யாரும் நேரம் ஒதுக்கவில்லை. ஊரே சேர்ந்து ஒதுக்கி வைத்திருந்தது.

புளிக் காலத்தையும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் இந்த மாவட்டத்தில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை நீக்கும் வேலை திண்ணைகளில் குவிந்து கிடக்கும். பெரும்பாலும் பெண்கள் வேலை, எடைக்குக் கூலி. சரியாக அந்த மாதங்களில்தான் தவக்காலம் வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வும் வருகிறது. உடம்புக்கு வேலையும், பிள்ளைக்குப் பரீட்சையும், ஆத்துமாவுக்கு நோன்பும் ஒரே நேரத்தில். கையில் புளி பிசுபிசுக்கும்போது ஜெபமாலை மணியைத் தொட முடியாது. அப்போது வாய் மட்டும் சொல்கிறது. பத்து என்பது ஒன்பதாகவோ பன்னிரண்டாகவோ போனால் திண்ணையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இப்படி ஒரு நாளை வகுத்துக்கொண்டு, மூச்சுவிட நேரமில்லாத வேலையைச் செய்து காட்டிய இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய பாராமகால் நாட்டைச் சேர்ந்த திருப்பத்தூர் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காடு, வேலூர் என்று மாறி, 2019 முதல் தனி மாவட்டம். ஊரை ஒட்டி இருக்கிறது கிறிஸ்துகுல ஆசிரமம். 1921-இல் அதைத் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் நண்பர்களான இருவரும் மிஷன் பணிக்கு வந்தார்கள். அங்கே வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நடுவே இருந்த ஏற்றத்தாழ்வு அவர்களை உறுத்தியது. ஒரே குடும்பமாக வாழ்வது என்று முடிவு செய்து திருப்பத்தூரில் குடியேறினார்கள். ஊர் மக்களுக்கு ஏசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருந்த வீடு 1920-களின் இந்தியாவில் எத்தனை இருந்திருக்கும்?

சின்னண்ணனின் குடும்பம் ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெரும் செல்வக் குடும்பம். அந்த ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை இங்கே கதர் உடுத்தினார். 1932-இல் சென்னையில் கதர் உடையோடு நின்ற அவரைப் போலீசார் அடித்தார்கள். அந்த விவகாரம் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. இதெல்லாம் சுவையான செய்திகள். நம் பொருளுக்கு வேண்டியது அவர்கள் நாளை எப்படி அமைத்தார்கள் என்பது.

ஆசிரமத்தின் வேலை மருத்துவம். கிராமத்து நோயாளிக்கு நேரம் காலம் கிடையாது. கட்டுவிரியன் கடித்தவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், ஜெப நேரம் முடியட்டும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் ஜெபத்தை மிச்ச நேரத்துக்கு விடவில்லை. குறித்த வேளைகளில் கூடி வழிபட்டார்கள். அவசரம் வந்தால் ஒருவர் எழுந்து போவார். மற்றவர்கள் வழிபாட்டைத் தொடர்வார்கள். குடும்பமாக வாழ்வதன் பயன் அங்கேதான் தெரிகிறது. ஒரே ஒரு டாக்டர் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தால், அவர் எழுந்து போனதும் ஜெபம் நின்றுவிடும். ஆசிரமத்தில் ஜெபம் நிற்கவில்லை, நோயாளியும் காத்திருக்கவில்லை.

அவர்கள் கட்டிய ஜெபாலயத்தை நேரில் பார்க்க வேண்டும். கூரான கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் கொண்ட ஐரோப்பிய தேவாலயம் அல்ல. திராவிடக் கோயில் கட்டடக் கலையில், கோபுரமும் தூண் மண்டபமுமாக எழுந்த கட்டடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கே கை இழுக்கும் இடத்தில் இவ்வளவு சிரத்தையோடு ஜெபக்கூடம் தேவையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். நாள் முழுக்க ரத்தமும் சீழும் பார்க்கும் மனிதனுக்கு, வேலை இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அமைதியான இடம் ஒன்று வேண்டும். அது அலங்காரமல்ல, கருவி. ஏசுதாசன் ஆசிரம வாழ்வின் நோக்கங்களைப் பற்றிப் பின்னாளில் நூலே எழுதினார். இருவரும் மணம் செய்யாமல், சம்பளம் வாங்காமல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அங்கேயே இருந்தார்கள்.

1920-களே ஆசிரமங்களின் பத்தாண்டுதான். நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் கண்டு, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அதே ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நோக்கங்கள் வேறு, வழிபாடுகள் வேறு. நீண்ட நாள் உழைக்கப் போகிறவன் முதலில் தன் நாளுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தெளிவு மட்டும் பொது.

மனைவி மக்களோடு இருப்பவர்கள் ஆசிரமம் கட்ட முடியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வழக்கமாகக் காட்டப்படுபவர் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சமையல்காரராக இருந்த சகோதரர் லாரன்ஸ். முப்பதாண்டுப் போரில் காலில் காயம்பட்ட பழைய சிப்பாய். 1691-இல் இறந்தார். ஜெப நேரமும் அடுப்படி நேரமும் தமக்கு ஒன்றே என்று சொன்னவர் என்பதால், இன்றைய பக்திப் புத்தகங்கள் அவரைக் கொண்டாடுகின்றன. தனி ஜெபம் வேண்டாம், வேலையே ஜெபம் என்று அவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்பவர்களும் உண்டு. லாரன்ஸ் வாழ்ந்த மடத்தில் தினம் பல முறை மணி அடித்தது, தினம் பல முறை எல்லோரும் கூடி ஜெபித்தார்கள் என்பதை இவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவருக்கே அந்தப் பழக்கம் கைகூடப் பல ஆண்டு பிடித்தது. சமையல் வேலையே தமக்குப் பிடிக்காது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். (இதைப் படிக்கும் எந்த இல்லத்தரசிக்கும் அவர் மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும்.)

குடும்பஸ்தருக்கு லாரன்ஸைவிடப் பொருத்தமான மாதிரி ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம். 1727 ஆகஸ்டில் அங்கிருந்த மொராவிய சபையார், தச்சர்களும் நெசவாளர்களும், ஆண்கள் 24 பேர், பெண்கள் 24 பேர் என்று சேர்ந்து, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் ஆளுக்கு ஒரு மணியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சுற்று நூறாண்டு தொடர்ந்தது. நம் சபைகளில் இதற்குச் சங்கிலி ஜெபம் என்று பெயர். அடுத்த ஆண்டே, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பழக்கமும் அங்கே தொடங்கியது. 1731 முதல் அது அச்சுப் புத்தகமாகி இன்றும் வருகிறது. ஆண்டுப் பிறப்பன்று சபையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைக்கும், காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் ரோஜாப்பூ வசனத்துக்கும் இதோடு தூரத்து உறவு உண்டு. ஒரு வித்தியாசம். ஹெர்ன்ஹூட்டில் வசனத்தோடு ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மனக்கவலை என்று பார்த்துக்கொண்டு போனார். நம் ஃபார்வர்டு மெசேஜ் இருநூறு பேருக்குப் போகிறது. ஒருவர் வீட்டுப் படியும் ஏறுவதில்லை.

மனம் வறண்டுபோவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். நெருக்கடிக் காலத்தில் பலரைத் துன்புறுத்துவது ஜெபிக்க நேரமில்லாதது மட்டுமல்ல. ஜெபித்தும் ஒன்றும் தோன்றாமல் இருப்பது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. பல பத்தாண்டுகள் கடவுள் அருகில் இல்லாதது போன்ற இருளை அவர் அனுபவித்திருக்கிறார். வெளியே யாருக்கும் தெரியாது. அந்த இருளுக்குள்ளேதான் 1973 முதல் அவருடைய சபைச் சகோதரிகள் தினம் ஒரு மணி நேரம் நற்கருணை முன் கூடி ஜெபிப்பது என்ற வழக்கத்தை ஏற்றார்கள். கல்கத்தாவில் வேலை குறைந்துவிட்டதால் அல்ல, கூடிக்கொண்டே போனதால். தோன்றினால் ஜெபிப்போம் என்று அந்தப் பெண்மணி காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வேதத்தில் எலியாவின் கதை இதைவிடப் பச்சையாக இருக்கிறது. கர்மேல் மலையில் பெரிய வெற்றி. உடனே கொலை மிரட்டல். வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து உபதேசம் பண்ணவில்லை. எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான். தூதன் இரண்டாம் முறையும் வந்து அதையே செய்கிறான். அதன் பிறகுதான் ஓரேப் பயணம், அதன் பிறகுதான் மெல்லிய குரல். களைத்தவனுக்கு முதலில் சோறும் தூக்கமும், அப்புறம் போதனை என்ற வரிசையை நம் சபைகள் பல நேரம் தலைகீழாக்கிவிடுகின்றன. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் என்று அறிவிப்பு வாசிக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே இரவு ஷிஃப்டிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

சபை வேலையே ஒரு பாரமாகிவிடுவதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், அசனத்துக்குக் கறி நறுக்குவது, கட்டட நிதிக்கு வீடு வீடாகப் போவது எல்லாம் சேர்ந்து, ஒரே பெண்மணியின் தலையில் வந்து உட்காரும். அவர் தினம் வேலைக்கும் போகிறார். இப்படிப்பட்டவர் கடைசியாக எப்போது அமைதியாக வேதம் வாசித்தார் என்று கேட்டால் அழுதுவிடுவார். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் இவருக்காகவே எழுதியது போலிருக்கிறது. கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடி நின்ற மாலைக்குப் பிறகு, இயேசு இருட்டோடு எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார். எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் தேடி வருகிறான். இயேசு திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார். அந்த வாசலில் காத்திருந்தவர்களில் சிலருக்கு அன்றைக்கு ஏமாற்றம்தான். எல்லோருக்கும் எல்லாமும் செய்வது விசுவாசம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. ஓய்வும் ஜெபமும் தனி மனிதனின் மனக் கட்டுப்பாட்டால் மட்டும் வருவதல்ல. அவன் வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கும். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் பெங்களூர்க் கட்டட வேலையிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் லீவு வாங்கவே சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை வரும் இடத்தில் வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன் எல்லோருடைய பெயரும் வருகிறது; மாட்டுக்கும் கழுதைக்கும் அதில் பங்கு உண்டு. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதே காரணம். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடல் ஞாயிறு ஓய்வை உழைப்பவரின் உரிமையாகப் பேசியது. 2023 ஏப்ரலில், ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. தினம் பன்னிரண்டு மணி நேரம் நின்று தைக்கும் பெண்ணிடம் அதிகாலைத் தியானத்தின் அருமையைப் பேசுவதற்கு முன், அந்தப் பன்னிரண்டைப் பற்றிப் பேசும் கடமை சபைக்கு உண்டு.

எனவே இந்த மேடையிலிருந்து தருமபுரியின் பங்குகளுக்கும் சபைகளுக்கும் சில வேண்டுகோள்கள். நண்பகல் மணி நின்றுபோன கோயில்களில் அதை மீண்டும் அடியுங்கள். சத்தம் என்று புகார் வந்தால் மெதுவாக அடியுங்கள். சங்கிலி ஜெபத்தை ஆண்டுக்கு ஒரு நாள் விழாவாக வைக்காமல், புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும் வீட்டுக்கும், பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கும், ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்பவருக்கும் பதிலாகப் பக்கத்து வீட்டார் அந்த நேரத்தைப் பிடிக்கும் ஏற்பாடாக மாற்றுங்கள். தேர்வுக்குப் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து ஜெபிக்கும் நீங்கள், பங்குனியில் அந்த வீட்டுத் தாயின் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புளி தட்டிக் கொடுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியைக்கு ஆண்டில் ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள், அவர் கேட்கும் முன்பே. பெங்களூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மாலை திரும்புகிறவர்களுக்காக, விடியற்காலையில் முக்கால் மணி நேரத்தில் முடியும் ஓர் ஆராதனையை வையுங்கள். இவற்றில் எதற்கும் நன்கொடை திரட்ட வேண்டியதில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலும், அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்திலும், கட்டட நிதிக்கு முன்னால் இதை எடுத்துப் பேசுங்கள்.